தொட்டிப் பண்ணையாரின் பசங்க

உலகத்திலேயே அதிகமான ஆட்களை வைத்து வேலை வாங்கிய மனிதர் யார் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். எங்கள் பண்ணையார்தான். கோடிக்கணக்கில் ஆள். ஒருவரும் போனஸ் கேட்டதில்லை, டீக்கு வெளியே போனதில்லை, பக்கத்துக் கம்பெனியில் சம்பளம் கூடக் கிடைக்கிறது என்று திங்கட்கிழமை காணாமல் போனதில்லை. வாசலுக்கு வாசல் 'டெய்லர் தேவை' போர்டு தொங்கும் திருப்பூரில் இது சாதாரண சாதனையா, சொல்லுங்கள். அத்தனை பேரும் ஒரே ஒரு சிமெண்ட் தொட்டிக்குள் இருந்தார்கள் என்பதுதான் விசேஷம்.

அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் அப்போது நான் லேபில் இருந்தேன். துணிக்குச் சாயம் ஏற்றி மிஞ்சுகிற தண்ணீர் ஒருநாள் சிவப்பாகவும் ஒருநாள் நீலமாகவும் பின்பக்கம் இருந்த சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஓடும். அங்கேதான் அந்தத் தொட்டி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். புளோயர் என்கிற இயந்திரம் அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருக்க, அவை மூச்சு விட்டுக்கொண்டு அழுக்கைத் தின்னும். அவற்றைச் சாகாமல் பார்த்துக்கொள்வது ஆபரேட்டரின் வேலை. மற்ற கம்பெனிகளில் அதை வேலையாகச் செய்தார்கள். இவர் குடும்பம் நடத்தினார். அதனால் பண்ணையார் என்று பெயர் விழுந்தது. சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருந்திருக்கும், அதை நான் வாங்கிப் பார்த்ததில்லை.

முதல் நாள் தண்ணீர் எடுக்கப் பாட்டிலோடு போனேன். காக்கிச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் சகிதம் ஒருவர் தொட்டி விளிம்பில் குனிந்து எதையோ மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா வாங்க லேப் சார். பசங்க சாப்ட்டுட்டு இருக்கறாங்க."

சுற்றுமுற்றும் பார்த்தேன். பசங்க யாரையும் காணோம். கோவில்பட்டியிலிருந்து பிழைக்க வந்த இடத்தில் முதல் நாளே இப்படி ஒருவரிடம் மாட்டிக்கொண்டோமே என்று இரண்டடி பின்வாங்கினேன்.

பசங்களின் சாப்பாட்டில் அவர் சமரசம் செய்துகொள்ளவே மாட்டார். வெல்லம் கொமரலிங்கத்துப் பக்கம் காய்ச்சியதாக இருக்க வேண்டும். சாணி காங்கேயம் மாட்டுடையதாக இருக்க வேண்டும். ஒருமுறை பர்சேஸ் மேனேஜர் கைக்கெட்டிய தூரத்திலிருந்து ஜெர்சி மாட்டுச் சாணி மூன்று கூடை வரவழைத்துவிட்டார். பண்ணையார் கேட்டிலேயே அதைத் திருப்பி அனுப்பினார்.

"ஜெர்சிச் சாணியத் தின்னா மந்தமாயிருவாங்க சார். அப்பறம் உங்க கறுப்புச் சாயத்த ஆருங்க திங்கறது, நீங்க திம்பீங்களா?"

மேனேஜர் படித்தவர். பாக்டீரியாவுக்கு ஜெர்சி என்ன, காங்கேயம் என்ன என்று விளக்கிப் பார்த்தார். பத்து நிமிடம் கழித்து அவரே காங்கேயத்துக்குப் போன் போட்டார்.

தொழிலாளர் விடுதியின் கழிப்பறைக் குழாயும் அதே தொட்டிக்குத்தான் வரும். சாயத் தண்ணீரில் பாக்டீரியாவுக்குச் சத்து கிடையாது, ஊட்டம் எல்லாம் அந்தக் குழாய் வழியாகத்தான். ஆகவே விடுதியில் இருந்த அத்தனை பேரின் ஜீரணமும் பண்ணையாரின் சொந்தக் கவலை. கேன்டீன் மெனுவிலும் மூக்கை நுழைப்பார்.

"மூணு நாளா வெறும் ரசமும் அப்பளமும் போடறீங்களே, இது பொறத்தால வந்து சேர்றப்ப என்னங்க மிஞ்சும்? ஒரு கொண்டக்கடலை கிண்டக்கடலை போடுங்க."

ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களுக்காக இந்தி வேறு கற்றுக்கொண்டார். மொத்தம் இரண்டே வாக்கியம்: சாப்பிட்டாயா, கக்கூஸ் போனாயா. ஷிப்டு மாறும் நேரத்தில் கேட்டருகே நின்று ஒவ்வொருவரையும் நிறுத்தி, "கானா காயா? பாத்ரூம் கயா?" என்று கேட்பார். "கயா சாச்சா, கயா" என்று அவர்களும் சித்தப்பா முறை வைத்துப் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார்கள்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஒருநாள் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. கசடு சேரும் கிணறு அடைத்துக்கொண்டது. சரக்கு கப்பலுக்குப் போயாக வேண்டிய அவசரம். யாரையாவது உள்ளே இறக்கி வாரச் சொன்னார் சூப்பர்வைசர். பண்ணையார் நேரே போய் மேன்ஹோல் மூடி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்க பண்ணையாரே, ரெண்டு நிமிஷ வேலைங்க."

"ரெண்டு நிமிஷத்துலதான் சார் உசுரு போகும். நான் ஒருக்காப் பாத்திருக்கறன், போதுமுங்க. மிஷின் வரட்டும்."

மதியச் சாப்பாட்டையும் மூடி மேலேயே வைத்துச் சாப்பிட்டார். முதலாளி வந்து நின்றார், அவருக்கும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் உறிஞ்சும் மிஷின் வந்து குழாயை உள்ளே விட்ட பிறகுதான் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அன்றிலிருந்து எங்கள் ஆலையில் எந்தத் தொட்டிக்குள்ளும் யாரும் இறங்கியதில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒன்பது வருஷமாக ஒரு நாள் லீவு போட்டதில்லை. ஊரே தீபாவளிக்குப் பஸ் ஏறிப் போய்விடும். விடுதி காலி, சாயத் தண்ணீரும் நின்றுவிடும், தொட்டிக்குப் பட்டினிக் காலம். இவர் வெல்லம் கரைத்துக்கொண்டு தொட்டியடியிலேயே தீபாவளி கொண்டாடுவார். அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அப்படியொரு தீபாவளி விடுமுறைக்குத்தான். சனிக்கிழமை தீபாவளி, திங்கட்கிழமை அவிநாசியில் முகூர்த்தம். இரண்டு நாள் தொட்டியை யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். அந்த வருஷம் ஊருக்குப் போகாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

போதாக்குறைக்கு, வியாழக்கிழமை மிஷின் ஓடத் தொடங்கும் அன்றே அதிகாரிகள் தண்ணீர் பரிசோதனைக்கு வருவதாகத் தகவல். தொட்டி சரியில்லை என்றால் ஆலைக்கு சீல். முதலாளி பண்ணையாரைக் கூப்பிட்டு, "ஏதாச்சும் ஏறுமாறா ஆச்சுன்னா நீங்க அப்படியே ஊட்டுலயே இருந்துக்கலாமுங்க" என்று சிரிக்காமல் சொல்லியிருந்தார். ஆக, அவர் பிழைப்பு, எங்கள் எல்லோர் பிழைப்பு, கோடி உயிர் எல்லாம் சேர்த்து என் கையில்.

"வேளைக்கு ரெண்டு வாளி வெல்லத் தண்ணி. புளோயர் நிக்கப் புடாது. அவ்வளவுதான் சார். புதுசா எதையும் பண்ணிப்போடாதீங்க" என்றார்.

புதுசாக எதையும் பண்ணாதே என்று என்னிடம் சொன்னால் அன்றைக்கே எதையாவது பண்ணி வைப்பேன். அது என் ராசி.

ஞாயிற்றுக்கிழமை, உள்ளூர்க்காரரான விடுதி வார்டன் அக்கா லேபுக்கு வந்தார். "ஏனுங் தம்பி, ஆளுக இல்லாதப்பவே கக்கூஸையெல்லாம் பளிச்சுனு கழுவிப்போடலாம்னு இருக்கறன். பிளீச்சிங் எதாச்சும் கெடைக்குங்களா?"

சாயப்பட்டறையில் பிளீச்சிங்குக்கா பஞ்சம். பின்னால் ஒரு பேரல் நிறைய இருந்தது. நானே உருட்டிக்கொண்டு போய், நானே நின்று ஊற்றினேன். நாற்பது கழிப்பறையும் கண்ணைப் பறித்தன. சுகாதாரத்துக்கு நம்மாலான தொண்டு என்று பெருமையோடு போய்ச் சாப்பிட்டேன். அந்தக் குழாய் எங்கே போய்ச் சேருகிறது, கிருமியைக் கொல்கிற மருந்து பசங்களை மட்டும் விட்டுவைக்குமா என்பதெல்லாம் என் மரமண்டையில் அன்று முழுக்க உறைக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலையில் தொட்டி நிறைய வெள்ளை நுரை. வழக்கமான ஈரமண் வாசம் போய் பிளீச்சிங் நெடி. கண்ணாடி ஜாடியில் தண்ணீரை மொண்டு வைத்தேன். நல்ல தொட்டி என்றால் அரை மணி நேரத்தில் பழுப்பு வண்டல் அடியில் இறங்கி மேலே தண்ணீர் தெளிந்துவிடும். 'பசங்க படுத்துத் தூங்கிட்டாங்க' என்பார் பண்ணையார். ஒரு மணி நேரமாகியும் ஜாடி கலங்கலாகவே இருந்தது. புளோயரை முழு வேகத்தில் வைத்துவிட்டு, அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பேண்ட் பையில் செருகிக்கொண்டு கல்யாணத்துக்கு ஓடினேன். தாலி கட்டி முடியும் வரை வாயைத் திறப்பதில்லை என்று பஸ்ஸில் சத்தியம் செய்துகொண்டேன்.

தாலி கட்டி முடிந்து மேடை ஏறினேன். பட்டு வேட்டியும் புதுத் துண்டுமாக நின்ற பண்ணையார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க லேப் சார். பசங்க நல்லா இருக்கறாங்களா?"

"நல்லா இருக்காங்க அண்ணாச்சி."

அவர் மூக்கு ஒருமுறை சுருங்கியது. "உங்க மேல பிளீச்சிங் வாசம் வருதுங்களே."

அவ்வளவுதான். மணமக்களுக்கும் போட்டோகிராபருக்கும் நடுவில் நின்று நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவர் மூடியைத் திறந்து கண்ணை மூடி மோந்து பார்த்தார். "எல்லாரும் கொஞ்சம் சிரிங்க" என்று போட்டோகிராபர் அதையும் எடுத்துவிட்டான். ஆல்பத்தில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது.

"எல்லாரும் போயிறலீங்க" என்றார். "கொஞ்சம் பேரு இருக்கறாங்க. ஊட்டம் கெடைச்சாப் பொழச்சுக்குவாங்க. வெல்லம் பத்தாது சார், விடுதிச் சரக்கு வேணும். இப்ப அங்க ஆரு இருக்கறாங்க?"

அந்த நேரம் பார்த்து, நாதஸ்வரத்தையும் மீறி மண்டபத்துக்குப் பின்னால் ஒரு மோட்டார் சத்தம் கேட்டது. பண்ணையார் தலை திரும்பியது. பெண்ணின் அப்பா மேடையிலிருந்து குதித்து இறங்கி ஓடுவதை அன்றைக்கு ஐந்நூறு பேர் பார்த்தார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கூட்டம் தாங்காமல் மண்டபத்து செப்டிக் டேங்க் நிரம்பி, லாரி வந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"எங்க கண்ணு கொண்டு போறீங்க?" என்று டிரைவரைக் கேட்டார் பண்ணையார்.

"சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தானுங்க."

"எங்களுதும் அதேதானுங்க. பினாயில் கினாயில் எதாச்சும் ஊத்தியிருக்குதா?"

"அதெங்கீங்க. இந்த மண்டபத்துல தண்ணியே ஒழுங்கா ஊத்தறதில்லீங்க."

இவ்வளவு நல்ல செய்தியை அவர் அன்று முகூர்த்தத்தில்கூடக் கேட்டிருக்க மாட்டார். சந்தோஷத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டபோது பின்னாலிருந்து ஒரு கனைப்பு. மாப்பிள்ளையின் அப்பா நின்றிருந்தார். காங்கேயத்தில் எண்ணெய் ஆலை மேஸ்திரி, முறுக்கிய மீசை.

"ஏனுங் சம்பந்தி, தாலி கட்டி அரை மணி நேரம் ஆகலே. கக்கூஸ் லாரிகிட்ட என்னங்க பேச்சு?"

சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். முந்திக்கொண்டு, "தப்பு எம்மேல அய்யா" என்று எல்லாவற்றையும் நானே சொன்னேன். வியாழக்கிழமைக்குள் தொட்டி பிழைக்காவிட்டால் ஆலையை மூடிவிடுவார்கள் என்பதையும் சொன்னேன். அவர் மீசையைத் தடவியபடி லாரியை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க பக்கத்து ஆளுக நேத்திருந்து நல்லாத்தான் சாப்ட்டிருக்கறாங்க. தாராளமாக் கொண்டு போங்க" என்றார்.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் தங்களுக்கே தெரியாமல் இன்னொரு மொய்யும் எழுதியது இப்படித்தான்.

பண்ணையார் லாரிப் படியில் ஒரு காலை வைத்துவிட்டார். அப்போது மாலையும் கழுத்துமாக மகள் வெளியே வந்தாள். அப்பா எதற்கு ஓடுவார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. "போய்ட்டு வாங்கப்பா. நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் கண் நிறைந்திருந்தது.

அவர் லாரியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். காலைக் கீழே எடுத்தார்.

"இல்ல சாமி. ஒம்போது தீபாவளியும் அவங்களோடதான் இருந்துட்டன். இன்னைக்கு உன்ற கூடத்தான் இருப்பன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க ஏறுங்க. கொஞ்சங் கொஞ்சமா ஊத்துங்க. ஒரே வாட்டியா ஊத்துனாத் தாங்க மாட்டாங்க. உங்களால முடியும், போங்க."

கெடுத்தவன் கையிலேயே மிச்ச உயிரையும் ஒப்படைத்து அனுப்பினார். தாம்பூலப் பையோடு லாரியில் உட்கார்ந்து போன எனக்கு அந்த நாற்றம் துளியும் தெரியவில்லை, பயம்தான் தெரிந்தது.

மகளை வழியனுப்பிவிட்டு அன்று சாயங்காலமே பட்டு வேட்டியோடு வந்து சேர்ந்தார். இரண்டு நாள் மாற்றி மாற்றித் தொட்டியைப் பார்த்தோம். வியாழக்கிழமை காலை ஜாடியில் மொண்டு வைத்து ஆளுக்கொரு பக்கம் குந்தி உட்கார்ந்தோம். கால் மணி நேரத்தில் வண்டல் இறங்கத் தொடங்கியது. அரை மணியில் மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. அதிகாரிகள் வந்து தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, குறை ஒன்றும் சொல்லாமல் போனார்கள்.

மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பை எடுத்தேன். "அண்ணாச்சி, நான் செஞ்ச காரியத்துக்கு..."

"அட உடுங்க கண்ணு" என்றார். அதுவரை நான் அவருக்கு லேப் சார்தான். "கக்கூஸ் கழுவுனதுக்கு எங்கியாச்சும் மன்னிப்புக் கேப்பாங்களா? தீபாவளிக்கு அம்மாளப் பாக்கலீல்ல, ரெண்டு நாள் போய்ட்டு வாங்க. நான் முதலாளிகிட்டச் சொல்லிக்கறன்."

காலியான பேரலைப் பார்த்து முதலாளி விசாரித்திருக்கிறார், ஆனால் பிளீச்சிங் ஊற்றியது யார் என்று அவருக்கு இன்று வரை தெரியாது. பண்ணையார் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வசவு வாங்கினார் என்று ஊரிலிருந்து திரும்பிய பிறகுதான் வார்டன் அக்கா சொன்னார். அப்படி ஒரு மனிதரோடு நாலு வருஷம் இருந்தேன். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை.