ஒன்பதாவது ஆட்டக்காரர் வந்துகொண்டிருக்கிறார்

பேஸ்பால் என்னும் விளையாட்டில் ஓர் ஆட்டத்தைக்கூட நான் இன்றுவரை முழுதாகப் பார்த்ததில்லை. மட்டையை ஏன் உருட்டுக்கட்டை மாதிரி செய்திருக்கிறார்கள், பந்தை அடித்தவர் ஏன் மட்டையை வீசிவிட்டு ஓடுகிறார் என்பதெல்லாம் எனக்குப் பிடிபடாத சங்கதி. இப்படிப்பட்ட நான், என் அப்பா அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்து அமெரிக்க பேஸ்பால் அட்டைகளைத் தேடித் தேடிச் சேர்த்து, ஓர் அணியையே உண்டாக்கி, அதைக் காட்டி ஒரு மனிதரின் மனத்தைக் குளிரவைத்து, எங்கள் வாடகை வீட்டைக் காப்பாற்றத் திட்டம் போட்டேன். (திட்டம் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. நடப்பதுதான் வேறாக இருக்கும்.)

அப்போது நாங்கள் பக்குரங்கா என்னும் புறநகர்ப் பகுதியில் ஒரு பின்வீட்டில் குடியிருந்தோம். முன்வீட்டில் இருந்தவர் வீட்டுக்காரர் வால்டர். அமெரிக்கர். இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, அந்த அம்மாள் போன பிறகு தனிக்கட்டையாக இருந்தார். இரண்டு வீட்டுக்கும் கார் போய்வர ஒரே டிரைவ்வே. அதில் எங்கள் குப்பைத்தொட்டி கொஞ்சம் கோணலாக நின்றாலும் வந்து கதவைத் தட்டுவார். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை ஒன்று உதிர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் நாங்கள் குடிவந்த நாளிலிருந்து வாடகையை ஏற்றவில்லை. (மறந்திருப்பாரோ என்ற பயத்தில், அவர் காதுபட ‘வாடகை’ என்ற சொல்லையே நாங்கள் உச்சரிப்பதில்லை.) அந்த வீட்டில் இருக்கும்வரைதான் என் மகள் நிலாவுக்கு அந்தப் பள்ளியில் இடம். பள்ளிக்கென்று வகுத்திருக்கும் ஜோனைத் தாண்டிக் குடிபோனால் பள்ளியும் போச்சு, தோழிகளும் போச்சு. அந்தப் பிள்ளை அதற்குமுன் இரண்டு பள்ளி மாறிவிட்டது. ‘இனிமே மாற மாட்டோம்’ என்று நான் அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளியலறைக் கூரை ஒழுகுகிறது என்று சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். தொலைக்காட்சியில் ஏதோ பேஸ்பால் ஆட்டம். என்ன தோன்றியதோ, மனிதர் பேச ஆரம்பித்துவிட்டார். (பேசியது ஆங்கிலம். அந்த உறுமலை முடிந்தவரை தமிழில் இறக்குகிறேன்.)

“சின்னப் பையனா இருந்தப்ப சூயிங்கம் வாங்கினா ஒரு அட்டை குடுப்பான். ஆட்டக்காரன் படம் போட்டது. எங்க ஊர் டீம் மொத்தத்தையும் சேர்த்து வெச்சிருந்தேன். வீடு மாறினப்ப எங்கம்மா ஷூ பெட்டியோட தூக்கிக் குப்பையில போட்டுட்டா.”

நான் கூரையை மறந்துவிட்டு, எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டு மனத்தில் போட்டுக்கொண்டேன். (கூரை கடைசிவரை ஒழுகியது.)

குளிர்காலம் தொடங்கியபோது வால்டர் இருமத் தொடங்கினார். நுரையீரல் என்றார்கள். கொஞ்ச நாளில், முடிந்த கேஸ் என்றும் சொல்லிவிட்டார்கள். வெலிங்டனிலிருந்து அவர் மகள் டெபி வந்து இறங்கினாள். வீட்டை விற்கப்போகிறீர்களா என்று நான் சுற்றி வளைத்துக் கேட்டதற்கு, “அப்பாதான் முடிவு செய்யணும்” என்றாள். அந்த ஒரு வரி போதாதா எனக்கு? அன்று சாயங்காலமே என் மனைவி ரேவதியிடம் திட்டத்தை விளக்கினேன். அந்தப் பழைய அணியை அப்படியே சேர்த்து வால்டர் கையில் கொடுப்பது. அவர் உருகுவது. ‘இவர்களை யாரும் காலி செய்யச் சொல்லக் கூடாது’ என்று மகளிடம் சொல்வது.

ரேவதி முதியோர் இல்லத்தில் நர்ஸ். சாகக் கிடப்பவர்களைத் தினமும் பார்க்கிறவள். “அந்த மனுஷன் மூச்சு விடவே கஷ்டப்படறாரு. உங்களுக்கு வீடு கேக்குதா?” என்றாள். பிறகு, “எவ்வளவு ஆகும்?” என்றாள்.

அதுதான் சிக்கல். என் தினசரிக் காபியையும், மாதம் ஒருமுறை வாங்கும் பிரியாணியையும் நிறுத்தினால் மிச்சமாகும் காசுதான் பட்ஜெட். இணையத்தில் விலைகளைப் பார்த்ததும் மயக்கமே வந்துவிட்டது. பெயர்பெற்ற ஓர் ஆட்டக்காரரின் அட்டைக்கு என் காரைக் கொடுத்தாலும் போதாது. அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் மன்னார்க்காரர் அந்தோனியிடம் புலம்பினேன்.

“விசரே உமக்கு? முதல்ல அந்தாள் சொன்ன ரீம் அந்த வருசம் வெண்டதோ தோத்ததோ எண்டு பாரும். தோத்த ரீம் எண்டால் மலிவாத்தான் கிடக்கும்” என்றார்.

பார்த்தேன். கடைசி இடம். அதுவும் சாதாரணக் கடைசி இல்லை, முதலிலிருந்தே கடைசி. அந்த அணி தோற்றதற்காக இத்தனை வருடம் கழித்து ஆனந்தப்பட்ட ஒரே ஜீவன் நானாகத்தான் இருக்கும். ஒன்பது ஆட்டக்காரர்கள். யாரையும் யாருக்கும் தெரியாது. மூலை மடங்கியது, குண்டூசி குத்தியது, எந்தப் பையனோ பேனாவால் மீசை வரைந்தது என்று இருப்பதிலேயே நொந்துபோன அட்டைகளாகப் பார்த்து வாங்கினேன். பல சமயம் அட்டையைவிட அதை அமெரிக்காவிலிருந்து அனுப்பும் செலவுதான் அதிகம். ஒவ்வொன்றின் முதுகிலும் சராசரி போட்டிருந்தது. ஒருவருக்கு .231. எங்கள் தெருவில் கடைசியாக இறங்கும் பையன்கூட ஒரு ரன்னாவது எடுப்பான், இவர் கால் ரன்னைக்கூடத் தாண்டவில்லையே என்று நான் அவருக்காக வருத்தப்பட்டேன். (அது வேறு கணக்காம். பிறகு சொன்னார்கள்.)

ஒன்பதாவதாக வந்தவர் செகண்ட் பேஸ்காரர். (மைதானத்தில் ஏதோ இரண்டாவது முனையைக் காவல் காப்பவராம்.) இருந்ததிலேயே சுத்தமான அட்டை. நல்ல களையான முகம். அவர் வந்து சேர்ந்த மறுநாள் சரஸ்வதி பூஜை.

எங்கள் வீட்டில் சாமிக்கு இடம் வெந்நீர் சிலிண்டர் இருக்கும் அலமாரியின் மேல்தட்டு. பூஜையன்று அதன் முன்னால் மேசை போட்டு, நிலாவின் புத்தகங்கள், என் லேப்டாப், ரேவதியின் பிபி கருவி, கார் சாவி, மிக்ஸி எல்லாவற்றையும் அடுக்குவோம். நல்ல காரியமாயிற்றே, சாமி பார்வையில் இருக்கட்டும் என்று அட்டைகளையும் வைத்தேன். அதுவும் எப்படி? பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒவ்வொன்றாக உருவி. (ஆசீர்வாதம் அட்டைக்கா, பிளாஸ்டிக்குக்கா? அப்படி ஒரு புத்திசாலித்தனம்.) வைத்துவிட்டு வாழைப்பழம் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வரும்போது டிரைவ்வேயில் டெபி நின்றிருந்தாள். அழுதிருந்தாள். கடைசி நாட்களைக் கழிப்பதற்கான ஹாஸ்பிஸுக்கு நாளைக் காலையில் அப்பாவைக் கொண்டுபோகிறார்கள் என்றாள்.

அப்படியானால் நாளைக் காலைதான் சந்தர்ப்பம் என்று கணக்குப் போட்டபடி உள்ளே போனேன். மேசையைப் பார்த்தேன். ஒன்பது ஆட்டக்காரர்களின் நெற்றியிலும் சந்தனம். அதன்மேல் குங்குமம்.

“என்ன ரேவதி இது?”

“என்னங்க? பூஜையில வெச்சா பொட்டு வைக்க மாட்டாங்களா? மிக்ஸிக்கே வெச்சிருக்கேன், மனுஷங்களுக்கு வைக்காம விடுவேனா?”

“ஐயோ, பழைய அட்டை! ஒரு புள்ளி பட்டாலே போச்சு!”

“அப்ப எதுக்குக் கவரைப் பிரிச்சீங்க?”

படத்தில் இருக்கிறவர்களின் நெற்றியில் நம் வீடுகளில் எப்போது பொட்டு வைப்போம் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்பது பேரும் மாலைக்குக் காத்திருந்தார்கள். ரேவதியும் அதைக் கவனித்துவிட்டுக் கொஞ்சம் இறங்கிவந்தாள். “எப்படியும் முக்கால்வாசிப் பேரு போய்ச் சேந்திருப்பாங்க. தப்பில்ல” என்றாள்.

பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை முடியாமல் எடுக்கக் கூடாது என்று அவள் தடுத்தும் கேட்காமல், செகண்ட் பேஸ்காரரை மட்டும் எடுத்துப்போய் ஈரப் பஞ்சால் துடைத்தேன். பழைய அட்டை குங்குமத்தை ஆசையாகக் குடித்தது. நெற்றியில் இருந்தது கன்னத்துக்கு வந்தது. இன்னும் துடைத்தேன். கழுத்துக்கு இறங்கியது. ஹேர் டிரையரைக் காட்டியதும் முகமே செக்கச்செவேலென்று ஆகி, மூக்குப் பக்கம் உரிந்து வந்தது.

நிலா எட்டிப் பார்த்தாள். “அப்பா, ஹீ லுக்ஸ் ரியலி சன்பர்ண்ட்.”

“சாமிகிட்ட இருந்து எடுத்தீங்கல்ல, அதான்” என்றாள் ரேவதி. மற்ற எட்டுப் பேரை நான் தொடவில்லை.

மறுநாள் காலை மறுபூஜையில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே டிரைவ்வேயில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. தீபாராதனைத் தட்டு ஒரு கையில் இருக்க, எட்டு அட்டைகளையும் சுண்டல் தட்டில் அள்ளிப் போட்டுக்கொண்டு வேட்டியோடு ஓடினேன். தீபத்தை வழியில் ரேவதி பிடுங்கிக்கொண்டாள். ஆம்புலன்ஸ்காரப் பெண் என் தட்டைப் பார்த்துவிட்டு, “அவர் ஒண்ணும் சாப்பிடக் கூடாது” என்றாள்.

ஸ்ட்ரெச்சரில் வால்டர் பாதியாக இளைத்திருந்தார். டெபி அவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். ஒவ்வோர் அட்டையாக முகத்தருகே வைத்துப் பார்த்தார். எட்டையும் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இவங்களையெல்லாம் நெத்தியில யார் சுட்டது?”

கல்விக்கு ஒரு தெய்வம், அந்தத் தெய்வத்துக்கு ஒரு நாள், அந்த நாளில் மிக்ஸிக்கும் பொட்டு என்று நான் விளக்கினேன். என் ஆங்கிலம் வாழ்நாளில் அவ்வளவு கேவலமாக இருந்ததில்லை. வால்டர் மறுபடி அட்டைகளைப் பார்த்தார்.

“அந்த வருஷம் இவனுங்க ஆடின ஆட்டத்துக்கு, எவனாவது சுட்டிருக்கணும்தான்” என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு இருமலாயிற்று, இருமல் நிற்காமல் முகம் நீலமாயிற்று, ஆம்புலன்ஸ்காரப் பெண் என்னைத் தள்ளிவிட்டு மூச்சுக்கருவியை மாட்டினாள். சுண்டல் முழுவதும் டிரைவ்வேயில் கொட்டியது. ஆளைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அதே மூச்சில், வீடும் போச்சு என்று நினைத்தேன். இதை நான் மறைத்து என்ன ஆகப்போகிறது?

கொஞ்ச நேரத்தில் அவர் கருவியை விலக்கச் சொல்லிக் கைகாட்டினார். நான் எதிர்பார்த்த ‘இவர்களை யாரும் காலி செய்யச் சொல்லக் கூடாது’ வரவில்லை.

“செகண்ட் பேஸ் எங்கே?” என்றார்.

செகண்ட் பேஸ்காரர் உரிந்த மூக்கோடு எங்கள் சமையல்மேடையில் கிடந்தார். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. தபால் தாமதம்” என்றேன்.

என்னை நன்றாகப் பார்த்தார். “சரி. காத்திருக்கேன்.” ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது தலையைத் திருப்பி, “உன் தொட்டி கோணலா நிக்குது” என்றார். என்னிடம் அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று அன்றைக்கே அதே ஆட்டக்காரரின் இன்னோர் அட்டையைத் தேடிப் பிடித்தேன். விரைவுத் தபாலுக்கு அட்டையின் விலையைவிடக் கூடுதலாகக் கேட்டார்கள். பட்ஜெட் நினைவுக்கு வந்தது. சாதாரணத் தபாலைத் தேர்ந்தெடுத்தேன்.

தபாலுக்கு முன்னால் டெபி வந்து, அப்பா போய்விட்டார் என்று தகவல் சொன்னாள். எட்டு அட்டைகளும் அவர் சட்டைப் பையில் இருக்கின்றன, அப்படியே அனுப்பப்போகிறோம் என்றாள். பிறகு தன்போக்கில், “அப்பா தினமும் கேட்டாரு, தபால் வந்துச்சான்னு” என்றாள். முகம் சிவந்த அட்டையையாவது கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். அதைப் பார்த்தும் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பார். என் மானம் போய்விடுமே என்று நான் ஹாஸ்பிஸ் பக்கமே போகவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அட்டை வந்தது. அதற்குச் சில நாள் கழித்து, வீட்டை விற்கப்போகும் நோட்டீசும் வந்தது. வால்டர் எங்களைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? இப்போது நாங்கள் நகரத்தின் மறுகோடியில், மாசி என்னும் பகுதியில் இருக்கிறோம். நிலாவுக்குப் புதுப் பள்ளி. முதல் வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை.

உரிய நேரத்துக்கு வந்து சேராத அந்த செகண்ட் பேஸ்காரர் எங்கள் சாமி அலமாரியில் இருக்கிறார். வருடா வருடம் ரேவதி பொட்டு வைக்கிறாள், பிளாஸ்டிக் உறையின் மேல். எங்கள் வீட்டில் தோசை தீய்ந்தாலும், பஸ் வராவிட்டாலும், நான் வாங்கி வருகிறேன் என்று சொன்ன சாமானை மறந்துவிட்டாலும் நிலா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு தமிழில் சொல்வாள், “அமெரிக்காவுல இருந்து வந்துகிட்டிருக்கு.” அவள் தமிழில் முழுதாகச் சொல்லும் வாக்கியமே அது ஒன்றுதான். ரேவதி கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். நானும் கூடவே சிரிப்பேன். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், குப்பைத்தொட்டியை நேராக நிறுத்திவிட்டு வருவேன்.