நிராகரிக்க ஓர் ஆள் தேவை

பேரன்புக்கும் ஓரளவு மரியாதைக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

அப்பாவால் 'வாலு' என்றும், பள்ளிக்கூடத்தில் 'மறுபடியும் நீயா' என்றும் அழைக்கப்படும் உங்கள் அக்கா மகள் அடக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் சுகம். உங்கள் சுகத்தையும் கேட்பதுதான் முறை. ஆனால் மூன்று வாரமாக நீங்கள் அம்மாவுக்கு அடிக்கிற போன்களைப் பார்த்தால், உங்கள் ஆள்காட்டி விரலாவது நல்ல சுகத்தில் இருக்கிறது. போனிலேயே சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். எனக்கென்று போன் கிடையாது, இருப்பது அம்மாவுடையது, விஷயமோ அம்மாவுக்குத் தெரியக் கூடாதது. நாளைக்கு அப்பா வேனில் சரக்கு இறக்க உங்கள் தெருப் பக்கம் வருகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா அட்டைப்பெட்டி கம்பெனியில் வருகைப்பதிவு பார்த்துக்கொண்டே மனிதவள மேலாண்மையில் முதுநிலைப் படிப்பு படிப்பது உங்களுக்குத் தெரியும். முதுநிலை என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது எங்களுக்கு இப்போதுதான் விளங்கியது. படித்து முடிப்பதற்குள் முதுகு ஒரு நிலையில் இருப்பதில்லை. காலையில் பஸ்ஸில் நின்றபடி ஒரு பாடம், மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பாடம், சாயங்காலம் வெங்காயம் நறுக்கியபடி ஒரு பாடம். வெங்காயப் பாடத்துக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்ததால் அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பாடம் என்று அப்பா ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார். வீட்டிலும் பேச்சே மாறிவிட்டது. முன்பெல்லாம் "எருமை, தட்டைக் கழுவுடி" என்று நேராகச் சொல்லுவாள். இப்போது, "உன் பொறுப்புல இருக்கற பகுதியில ஒரு சின்ன முன்னேற்றம் தேவைப்படுதும்மா" என்கிறாள். எழுந்து போய்க் கழுவி முடித்த பிறகுதான் நம்மைத் திட்டியிருக்கிறார்கள் என்பதே உறைக்கிறது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு செய்முறைப் பயிற்சியில் வந்து மாட்டிக்கொண்டது மாமா. ஓர் ஆளை இன்டர்வியூ செய்ய வேண்டும், கடைசியில் 'உங்களுக்கு இந்த வேலை இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், அதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். பொய்க் காரணம் சொல்லக் கூடாது, 'அப்புறம் சொல்லி அனுப்பறோம்' என்று நழுவக் கூடாது, எதிரே இருப்பவர் கூனிக் குறுகிப் போகிற மாதிரியும் சொல்லக் கூடாது. இவ்வளவுதான். எங்கள் கணக்கு டீச்சர் இதைத் தினமும் செய்கிறார், கடைசி விதி மட்டும் அவருக்குக் கிடையாது.

முதல் விண்ணப்பதாரர் அப்பா. கணக்காளர் வேலைக்கு. இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, சாப்பாட்டு மேஜை நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். இதற்குப் பெயர் நேர்காணலாம், ஆனால் மனிதர் அம்மாவை நேராகக் காணாமல் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றாள் அம்மா. "உனக்குத் தெரியாததா என்ன?" என்றார் அப்பா. நான் போனுக்குப் பின்னாலிருந்து கையைக் காட்ட, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்குக் கணக்கு வராதுங்க. ஸ்டியரிங் பிடிச்சே பழகிட்டேன். வீட்டுல ஒரு பொண்ணு படிக்குது, சம்சாரமும் படிக்குது, நான் ஒருத்தன்தான் படிக்கலை" என்றார். அம்மாவின் மூக்கு சிவந்தது. கொஞ்ச நேரம் பேனாவைத் திருகினாள். பிறகு, "எப்ப வந்து சேர முடியும்?" என்று கேட்டுவிட்டாள். இரண்டு நாளில் பேராசிரியையிடமிருந்து சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: 'கணக்கு வராது என்று அவரே சொல்கிறார். கணக்காளர் வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள். மீண்டும் செய்க.' அப்பாவுக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் இன்டர்வியூவிலேயே வேலை கிடைத்த ஆள் என்று வேன் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்தது நான். எந்தப் புண்ணியவானும் வேலை கொடுக்காத ஒரு விண்ணப்பதாரராக வருகிறேன், எப்படி வேலை கொடுக்கிறாள் பார்ப்போம் என்று சவால் விட்டுத்தான் உட்கார்ந்தேன். தாமதமாக வந்தேன், பபிள்கம் மென்றேன், செருப்புக் காலை அடுத்த நாற்காலியில் தூக்கி வைத்தேன். "உங்க பலம் என்ன?" "லீவு." "பலவீனம்?" "வேலை." "போன வேலையை ஏன் விட்டீங்க?" "நான் எங்க விட்டேன்? அவங்கதான் என்னை விட்டாங்க." அம்மா என்னையே பார்த்தாள். முகத்தில் கோபம் வரும் வரும் என்று காத்திருந்தால், வந்ததோ பரிதாபம். "உங்களுக்கு இதுவரைக்கும் யாரும் சரியா சொல்லிக் கொடுக்கலைன்னு நினைக்கறேன். பயிற்சியில சேர்ந்துக்கறீங்களா?" என்றாள். நான் பபிள்கம்மை விழுங்கிவிட்டேன் மாமா. சிவப்பு எழுத்து இந்த முறை நீளமாக வந்தது: 'இந்த விண்ணப்பதாரரை வாசலில் இருக்கும் காவலாளியே திருப்பி அனுப்பியிருப்பார். உங்களால் முடியவில்லை. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.'

அதிலும் தவறினால் இந்தத் தாள் போச்சு, தாள் போனால் ஒரு வருஷம் போச்சு. கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் ஒரு நாற்காலி காலியாகிறது. படிப்பை முடித்தால் உனக்கு, இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அம்மா இப்போது குளியலறைக் கண்ணாடி முன் நின்று, "மன்னிக்கணும், உங்களை எடுக்கலை" என்று பழகிக்கொண்டிருக்கிறாள். கடைசியில் குரல் தழுதழுக்கிறது. இன்னும் ஒரு வாரம் போனால் கண்ணாடிக்கும் ஒரு வேலை போட்டுக் கொடுத்துவிடுவாள்.

இப்போது நீங்கள் வருகிறீர்கள் மாமா. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் படியுங்கள். அம்மா கம்பெனி ஸ்டோரில் உங்களுக்கு ஒரு வேலை வாங்கித் தரச் சொல்லிக் கேட்டீர்கள் இல்லையா? அன்றைக்கு உங்களிடம், "பஸ்ல இருக்கேன்டா, சரியா கேக்கலை" என்று சொன்னபோது அம்மா இருந்தது அடுப்படியில். பக்கத்தில் ஹாரன் அடித்தது நான். நன்றாகத்தான் அடித்தேன், நீங்களே "ஜாக்கிரதையா இறங்குக்கா" என்றீர்கள். போனை வைத்ததும் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லிடேன்" என்றார் அப்பா.

"எப்படிங்க சொல்றது? என் தம்பி."

"ஆள் எடுக்கலைன்னு சொல்லு."

"எடுக்கறாங்களே!"

"அப்ப சேர்த்து விடு. நமக்கென்ன?"

"அவன் எங்கங்க ஒரு வேலையில தங்கறான்? ஜெராக்ஸ் கடையில மெஷின் சத்தமா இருக்குன்னு வந்துட்டான். ஆஸ்பத்திரி வரவேற்புல போட்டா, வர்றவங்க எல்லாம் நோயாளியா இருக்காங்கன்னு வந்துட்டான். ஸ்டோர்ல லாரி வர்ற நேரத்துக்கு ஆள் நிக்கணும். நான் சொல்லிச் சேர்த்து, அவன் பாதியில போயிட்டான்னா, நாளைக்கு அந்த நாற்காலியில உக்காந்து நான் யாருக்காகப் பேசினாலும் எடுபடாது." பிறகு ரொம்ப மெதுவாக, "இல்லைன்னு சொன்னா அவன் என்கூடப் பேச மாட்டானோன்னுதான் பயமா இருக்கு" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பாவையும் என்னையும் வேலைக்கு எடுத்தது எங்கள் திறமையைப் பார்த்தல்ல. நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் அம்மாவுக்கு உங்கள் முகம்தான் தெரிகிறது.

ஆகையால் என் திட்டம். ஞாயிற்றுக்கிழமை நீங்களே வாருங்கள். ஸ்டோர் வேலைக்கு விண்ணப்பதாரராக உட்காருங்கள். அம்மா சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும், அது பாடத்துக்கும் ஆகும், வீட்டுக்கும் ஆகும். வேலையில்லாமல் இருக்கிற அனுபவத்தில் நம் குடும்பத்தில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்பதால் உங்களுக்கு இது புதிதாகவும் இருக்காது. இரண்டே நிபந்தனை: அழக் கூடாது. 'அக்கா' என்று கூப்பிடக் கூடாது, 'மேடம்' என்றே சொல்ல வேண்டும். நீங்கள் ஒரு தரம் 'அக்கா' என்றால் அம்மா உங்களை ஸ்டோரில் அல்ல, மேனேஜர் நாற்காலியிலேயே உட்கார வைத்துவிடுவாள்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கங்களைச் சொல்லவும். நீங்கள் தனியாக இருப்பதால் மொத்தத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். அப்பாவின் விசாரிப்புகள் அவர் கையோடே வருகின்றன.

இப்படிக்கு,
பயிற்சியில் சேர்க்கப்பட்ட,
வாலு

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள்.

நடந்தது இதுதான். கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு ஹாலே அதிரும்படி சிரித்தார். "என்னங்க சிரிப்பு?" என்று அம்மா வந்தாள். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது, நீட்டிவிட்டார். அம்மா நின்றபடியே படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள், ஓரிடத்தில் நிறுத்தி மறுபடி படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"நல்லா எழுதியிருக்க. ஆனா இந்த வேலை உனக்கு இல்லைம்மா."

"எந்த வேலை?"

"எனக்கும் என் தம்பிக்கும் நடுவுல நின்னு பேசற வேலை. அவன் என்கிட்ட கேட்டான், நான்தான் பதில் சொல்லணும். அதுவும் போனை முன்னால வச்சுக்கிட்டு இல்லை. மார்க்குக்காக அவனை உக்கார வச்சா, அது அவனுக்கு அவமானம்."

நான் விடவில்லை. கெஞ்சினேன், தாளை ஞாபகப்படுத்தினேன், வராத அழுகையைக்கூட வரவழைத்துப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், பதிலை மட்டும் மாற்றவில்லை. "நீ எனக்காகத்தான் செஞ்சேன்னு தெரியும். இருந்தாலும் இல்லை" என்றாள். குரல் தழுதழுக்கவே இல்லை மாமா. எனக்கும் விசித்திரமாக, கோபம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், அப்பா கதவோரம் பழக்கதோஷத்தில் போனைப் பிடித்தபடி நிற்கிறார். முழுவதும் பதிவாகியிருக்கிறது. 'தூதர் பதவிக்கு விண்ணப்பித்த மாணவி தேர்வாகவில்லை' என்று தலைப்புப் போட்டு அனுப்பலாம் என்றேன். அம்மா யோசித்தாள். "முதல்ல அவன்கிட்ட பேசறேன். அப்புறம்தான் இதை அனுப்பறது" என்றாள்.

திட்டம் வேண்டாம் என்றாளே தவிர, கடிதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனவே அனுப்புகிறேன். கோபப்படுவது, வருத்தப்படுவது எல்லாவற்றையும் இன்றைக்கே முடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை அம்மா கூப்பிடுவாள், ஒன்றும் தெரியாதவர் மாதிரி எடுங்கள். 'ஏன்' என்று கேளுங்கள், காரணம் வைத்திருக்கிறாள். ஆனால் தயவுசெய்து, வேலையை மட்டும் இரண்டாம் தடவை கேட்டுவிடாதீர்கள். அந்தப் பாடம் அடுத்த பருவத்தில்தான் வருகிறது.