வெங்காயத்தோல் பட்டு

இன்னும் எழுபத்தொரு மணி நேரத்துக்குள் ஹேமநாத் ஒரு சிட்டம் பட்டு நூலை வெங்காயத் தோலில் வேகவைத்து இளஞ்சிவப்பாக மாற்றியாக வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று அவருக்குத் தெரியாது. எப்படிச் செய்வது என்று கட்டுரை எழுதியவர் அவர்தான்.

ஆரணியில் ஒரு தனியார் கல்லூரியில் அவர் வேதியியல் விரிவுரையாளர். கட்டுரை ஆறு மாதத்துக்கு முன், இணையத்தில் எல்லோரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஓர் ஆய்விதழில் வந்திருந்தது. வெங்காயத் தோல் சாயம் பட்டில் நன்றாகப் பிடிக்கிறது, எத்தனை முறை துவைத்தாலும் போவதில்லை என்பது அதன் சாரம். கடைசியில், "இந்த ஆய்வின் முறைகளும் அளவீடுகளும் அனைவருக்கும் திறந்தவை, யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை அவர் வேறொரு கட்டுரையிலிருந்து எடுத்திருந்தார். அப்படி எழுதுகிறவர்கள் யாரும், யாராவது செய்து பார்ப்பார்கள் என்று நினைப்பதில்லை.

சென்னையில் ஒருவர் நினைத்துவிட்டார். பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில், புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு ஹேமநாத் அந்த மின்னஞ்சலைத் திறந்தார். ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டாக்டர் சதீஷ் எழுதியிருந்தார். 'உங்கள் முறைப்படி செய்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். நிறத்தில் சிறு வேறுபாடு. சனிக்கிழமை பத்து மணிக்கு உங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் பேச வருகிறேன். உங்கள் பட்டு நூலை நேரில் பார்க்க ஆவல்.'

ஹேமநாத் அந்தப் பட்டுக்குத் தானே சாயம் போடவில்லை. கட்டுரை எழுதிய சமயத்தில் ஆய்வுக்கூட உதவியாளர் கன்னியம்மாவை அழைத்து, வெங்காயத் தோல் சாயம் போட்ட பட்டு நூல் ஊரில் எங்காவது கிடைக்குமா என்று கேட்டார். சேவூர் ரோட்டில் ஜெயவேலின் சாயப் பட்டறையில் வெங்காயத்தோல் என்று கேட்டாலே கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லி, அவள் அன்றே நாலு சிட்டம் வாங்கி வந்தாள். அழகான இளஞ்சிவப்பு. ஹேமநாத் அதைச் சோப்புப் போட்டுப் பத்து முறை துவைத்தார். சாயம் போகவில்லை. துவைத்ததை எழுதினார். சாயம் போடும் முறையை ஒரு புத்தகத்திலிருந்து எழுதினார். பட்டறைக்காரர் செய்ததைத் தான் செய்ததாக எழுதியதை வெறும் மொழிச் சுருக்கம் என்றே அதுவரை நினைத்திருந்தார். சந்தவாசல் பக்கம் கரும்பு போட்ட குடும்பம் அவருடையது. பட்டு என்று அவர் தொட்டது தன் கல்யாண வேட்டியை மட்டும்தான்.

இப்போது அந்தக் கட்டுரையின் மேல்தான் எல்லாம் நின்றது. வேதியியல் துறைத் தலைவர் ஓய்வு பெறுகிறார். அடுத்த தலைவர் யார் என்று கருத்தரங்கு மேடையிலேயே அறிவிக்கப்போவதாக முதல்வர் ரங்கசாமி சொல்லியிருந்தார். ஹேமநாத்தின் மனைவி இந்தச் செய்தியைத் தன் பிறந்த வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். ஆகவே பின்வாங்க வழியில்லை.

முதலில் அந்த நாலு சிட்டம் எங்கே என்று தேடினார்.

"நீங்கதான சார் தூக்கிப் போடச் சொன்னீங்க" என்றாள் கன்னியம்மா. "நல்ல பட்டாச்சேன்னு என் பொண்ணு சடைக்குக் குஞ்சலம் கட்டிட்டேன். டிராமாவுக்குப் போட்டுகினு போயி அங்கயே தொலைச்சிட்டு வந்துட்டா."

அடுத்து முதல்வரைப் போய்ப் பார்த்தார். சென்னைக்காரர் நூல் மாதிரியை நேரில் காட்டச் சொல்கிறார், இது கொஞ்சம் சிக்கலான வேலை, அவருடைய பேச்சை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைக்கலாமா என்று பணிவாகக் கேட்டார். அப்போது முதல்வரின் மேசையில் கருத்தரங்குப் பதாகை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. தலைப்பு: ஒளிவுமறைவற்ற ஆராய்ச்சி.

"எதுக்குத் தள்ளணும்? நம்ம தலைப்பே அதான?" என்றார் ரங்கசாமி. "மாதிரி மட்டும் இல்ல, மேடையிலயே செஞ்சு காட்டுங்க. செயல்முறை விளக்கம்னு அழைப்பிதழ்ல போட்டுடறேன்."

அதற்கு மூன்று நாள் ஆகும் சார் என்று ஹேமநாத் ஒரு பொய் சொன்னார். மேடையில் மூன்று நாள் நிற்க முடியாது என்பது அவர் கணக்கு.

"அப்ப இன்னைக்கே ஆரம்பிச்சுடுங்க" என்றார் முதல்வர். "லேப் கதவ தொறந்து வைங்க. செகண்ட் இயர் புள்ளைங்க உக்காந்து பார்க்கட்டும்."

அன்று மதியமே நாற்பது மாணவிகள் எதிரில் பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஹேமநாத் வெங்காயத் தோலை வேகவைத்து, வெள்ளைப் பட்டு நூலை அதில் இறக்கினார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தபோது நூல் மஞ்சளாக இருந்தது.

"சார், பிங்க்னு சொன்னீங்க" என்றாள் முதல் பெஞ்சு சத்யப்ரியா.

"இது இடைநிலை" என்றார் ஹேமநாத். மாணவிகள் எழுதிக்கொண்டார்கள்.

படிகாரம் போட்டார். மஞ்சள் இன்னும் பளிச்சென்று ஆனது. வியாழக்கிழமை காலை சோடா உப்பு போட்டார். பழுப்பு வந்தது. இரும்பு உப்பு போட்டார். நூல் பாசிப் பச்சையானது. ஒவ்வொன்றும் ஓர் இடைநிலையாக மாணவிகளின் நோட்டில் ஏறியது. சத்யப்ரியா இதற்குள் நாலு வண்ணத்தில் ஓர் அட்டவணை வரைந்து, கடைசிக் கட்டத்தை இளஞ்சிவப்புக்காகக் காலியாக விட்டிருந்தாள். அறையில் இருந்த அளவீடுகளில் அது ஒன்றுதான் உண்மையாக நடந்ததை எழுதி வைத்தது.

தோல் போதவில்லை என்று தோன்றியது. விடுதிச் சமையற்கூடத்தில் ஒரு மூட்டை வெங்காயத்தை உரித்து, தோலை மட்டும் வாங்கிவரச் சொன்னார். உரித்த வெங்காயம் அங்கேயே தங்கிவிட்டது. சமையற்காரர் அதை வீணாக்கவில்லை. வியாழன் இரவு வெங்காய ஊத்தப்பம், வெள்ளி காலை வெங்காயச் சட்னி, மதியம் வெங்காய சாம்பாரும் வெங்காயப் பொரியலும். வெள்ளி மாலை வெங்காய பஜ்ஜியைப் பார்த்ததும் விடுதி மாணவர்கள் தட்டோடு முதல்வர் அறைக்கு முன் உட்கார்ந்துவிட்டார்கள். ரங்கசாமி வெளியே வந்து, அறிவியலுக்காகச் சிலர் உயிரையே கொடுத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். பிறகு ஹேமநாத்தைத் தனியாகக் கூப்பிட்டு, நாளைக்கு மட்டும் அந்தக் கலர் வரவில்லையென்றால் பெருத்த அவமானம், துறைத் தலைவர் பதவிக்கு இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்றார்.

ஹேமநாத் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் பச்சை நூலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பட்டறைக்காரரால் முடிகிறது. சென்னைக்காரரால் ஏறக்குறைய முடிகிறது. தன் கையில்தான் ஏதோ கோளாறு.

"ஏன் சார் பேஜார் ஆவுறீங்க" என்றாள் கன்னியம்மா. "டி.வி.ல சமையல் காட்டுறாங்களே, அடுப்புல ஒண்ணு வேகும், செஞ்சு ரெடியா வெச்சத கீழ இருந்து எடுப்பாங்க. அந்த மாதிரி பண்ணிடலாம்."

ஹேமநாத் அவளை நன்றியோடு பார்த்தார். உடனே ஜெயவேல் பட்டறைக்கு அனுப்பினார். அப்படியே செய்முறையையும் கேட்டு வரச் சொன்னார். அவள் வெறுங்கையோடு வந்தாள்.

"இப்ப வேற ஆர்டர் ஓடிகினு இருக்குதாம் சார். வெங்காயத்தோல் நாளைக்குக் காலைல தொட்டி போடுறாராம். ஏழு மணிக்கு வந்தா தரேன்னாரு."

"செய்முறை?"

"கேட்டேன். அது தொழில் ரகசியம், யாருக்கும் சொல்ல மாட்டேன்னுட்டாரு."

ஹேமநாத்துக்குக் கோபம் வந்தது.

"இந்த நாட்டுல எவன்கிட்டயும் வெளிப்படைத்தன்மையே கிடையாது" என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. ஒளிவுமறைவற்ற ஆராய்ச்சி என்ற பதாகைக்குக் கீழே ஓர் அறிவிப்பு: கேள்வி கேட்க விரும்புவோர் கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெறவும். மேடையில் ஓர் அடுப்பு. அதன்மேல் ஒரு பாத்திரத்தில் வெங்காயத் தோல் கொதித்தது. மேசை விரிப்புக்குள், கன்னியம்மா காலையில் வாங்கி வந்த சிட்டம் ஒரு தட்டில் இருந்தது.

டாக்டர் சதீஷ் முதல் நாளே வேலூர் வந்து தங்கி, விடிந்ததும் கண்ணமங்கலம் வழி பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தார். ஊரைச் சுற்றிப் பார்த்ததாகச் சொன்னார். ஐம்பது வயது இருக்கும். தன் உரையைப் படிக்கும்போது காகிதத்தை மூக்கு வரை கொண்டுபோனார். ஓரிரு இடங்களில் வரி மாறிப் படித்தார். உண்மையை மறைப்பவன் அறிவியலுக்குத் துரோகி என்ற இடத்தை மட்டும் தடங்கலில்லாமல் படித்தார், அது மனப்பாடம் போலிருந்தது.

ஹேமநாத்தின் முறை வந்தது. பாத்திரத்தில் வெள்ளை நூலை இறக்கினார். முறைகளை விளக்கினார். பிறகு குனிந்து, விரிப்புக்குள் கைவிட்டு, இளஞ்சிவப்புச் சிட்டத்தை எடுத்துத் தூக்கிக் காட்டினார். கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் சத்யப்ரியா கடைசிக் கட்டத்தை நிரப்பினாள்.

ஹேமநாத் கைதட்டலைக் கேட்கவில்லை. அவர் சதீஷின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறத்தில் சிறு வேறுபாடு என்று எழுதியவர் அவர். இப்போது எழுந்து, எங்களுக்கு மஞ்சள்தான் வந்தது என்று சொன்னால் முடிந்தது.

சதீஷ் எழுந்தார். அவர் நெற்றியிலும் வியர்வை. தன் பையைத் திறந்து ஒரு சிட்டத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"உங்க கட்டுரைல இருக்கறபடியே, ஒரு எழுத்து மாத்தாம செஞ்சோம். ரெண்டு மாச வேலை" என்றார். "பாருங்க."

இரண்டு சிட்டங்களும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒரே இளஞ்சிவப்பு. எது யாருடையது என்று சொல்ல முடியாது. இரண்டுமே இன்னும் ஈரமாக இருந்தன.

ரங்கசாமி மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார். ஓர் ஆய்வை இன்னொருவர் திருப்பிச் செய்து, இவ்வளவு துல்லியமாக அதே முடிவு வந்தது அறிவியல் வரலாற்றிலேயே அபூர்வம் என்றார். அது உண்மை. புதிய துறைத் தலைவர் முனைவர் ஹேமநாத் என்று அறிவித்தார். மாலை போட்டார்கள்.

மாலைக்குள்ளிருந்து ஹேமநாத் சதீஷைப் பார்த்தார். மூன்று நாளாகத் தனக்கு வராத நிறம். தான் எழுதியதைப் படித்து, அதைச் செய்தும் காட்டிய ஒரே மனிதர். அவருடைய கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சதீஷும் ஹேமநாத்தை ஏறக்குறைய அதே பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அரங்கத்தின் வாசலில் ஒருவர் தயங்கி நின்றார். முழங்கை வரை இளஞ்சிவப்பு. கையில் ஏதோ வைத்திருந்தார். சாயப் பட்டறை ஜெயவேல் என்று கன்னியம்மா முதல்வரின் காதில் சொன்னாள். ரங்கசாமி வெற்றிக் களிப்பில் இருந்தார். இது ஒளிவுமறைவற்ற அரங்கு, இவர் மட்டும் ஒப்புதல் இல்லாமலே கேள்வி கேட்கலாம் என்று அறிவித்து, அவரை மேடைக்கு அழைத்து மைக்கைக் கையில் கொடுத்தார்.

"கேள்வியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றார் ஜெயவேல். சதீஷிடம் ஒரு மூக்குக் கண்ணாடியை நீட்டினார். "காலைல பட்டறையில வெச்சிட்டு வந்துட்டீங்க சார். நூல் வாங்கின ஜல்தில மறந்துட்டீங்க."

சதீஷ் கண்ணாடியை வாங்கவில்லை.

ஜெயவேல் மேசையைப் பார்த்தார். இரண்டு சிட்டங்களையும் தொட்டுப் பார்த்தார். பிறகு அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான குழப்பம். மைக் இன்னும் அவர் வாய்க்கு நேராகத்தான் இருந்தது.

"ரெண்டும் காலைல என் தொட்டில ஒண்ணா முக்கினதுதாங்க, ஆனா வெங்காயத்த எதுக்கு வேக வெச்சிகினு இருக்கீங்க? வெங்காயத்தோலுங்கறது கலரோட பேருங்க, நாங்க போடறது பம்பாய்ச் சாயப் பொடி."