‘இல்ல’ சொல்லாத ஒரு வாரம்

இனி நல்லதை மட்டுமே பார்ப்பது என்று கோதண்டபாணி முடிவெடுத்தபோது அவருக்கு வயது ஐம்பத்தேழு. கொஞ்சம் தாமதம்தான். ஆனால் தொழில் அப்படி. ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் முப்பது வருஷமாகத் தோல் தரம் பிரிக்கிறவர். ஒரு தோல் வந்து மேசையில் விழுந்தால் அதன் மினுமினுப்பு அவர் கண்ணில் படாது. உண்ணிக் கடியும் கத்திக் காயமும்தான் படும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தாலும் கண் அதே கண்தானே. சாம்பார், மாப்பிள்ளை, வானம் என்று எதில் பார்த்தாலும் ஓட்டை தெரியும்.

போன ஞாயிறு மகள் மோகனா போன் செய்தாள். அரக்கோணத்தில் நல்ல வீடு கிடைத்திருக்கிறதாம், ஸ்டேஷன் பக்கத்திலேயே.

“அப்ப ரயில் சத்தத்துல தூங்கின மாதிரிதான்” என்றார் அப்பா.

அவள் பட்டென்று போனை வைத்துவிட்டாள். நான் ஏன் இப்படி ஆனேன் என்று யோசித்தார்.

மனைவி பாக்யலட்சுமி இதற்காகவே காத்திருந்தவள் போல வந்து உட்கார்ந்தாள்.

“ஒரு வாரம் நல்லதா மட்டும் பேசுங்க. இல்ல, வேணாம், ஆவாது, இந்த மூணும் என் காதுல விழக்கூடாது.”

“விழுந்தா?”

“அந்த மொபெட்டு காயலான் கடைக்குப் போவும்.”

“விழலைன்னா?”

“சாவற வரைக்கும் அந்த வண்டிப் பேச்சே எடுக்க மாட்டேன்.”

வாசலில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் பெடல் வைத்த மொபெட். கல்யாணமான புதிதில் வாங்கியது. பன்னிரண்டு வருஷமாக ஓடவில்லை. ஞாயிறுதோறும் துடைத்து வைப்பார். உலகத்திலேயே அவர் கண்ணுக்கு ஓட்டை தெரியாத ஒரே பொருள்.

“அதுல வேலூர் கோட்டைக்குப் போனோமே, ஞாபகம் இருக்குதா? வர்றப்ப பள்ளிகொண்டாகிட்ட மழை. புளியமரத்தடியில ஒரே டீய ரெண்டு பேரும் குடிச்சோம்.”

“குடிச்சிட்டு மாதனூர் வரைக்கும் தள்ளினது யாரு? நானு. பட்டுப் பொடவையோட.”

“காத்து இன்னா ஜில்லுனு இருந்திச்சி.”

“நடந்து முடிஞ்சதெல்லாம் உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். நடக்கப்போறதுதான் ஒண்ணும் உருப்படாது.”

அப்படியா இருக்கிறேன் என்று இரண்டு நாள் மனசுக்குள் புழுங்கினார். ஆனாலும் வாயைக் காத்தார். உப்பில்லாத ரசத்தை “பிரஷருக்கு நல்லது” என்றார். கரண்ட் போனதும் “வெளிய நல்ல காத்து” என்றார். மோகனாவைக் கூப்பிட்டு, “ஸ்டேஷன் பக்கம்னா நாங்க வந்து போக சௌகரியம்மா” என்றார்.

“உடம்பு நல்லா இருக்காப்பா?” என்று பதறினாள் மகள்.

ஏழாம் நாள் காலை அமீர் பாஷா வந்து நின்றார். கடைவீதியில் புதிதாகப் பிரியாணிக் கடை திறக்கப்போகிறவர்.

“வண்டியக் குடுக்கறீங்களாமே. அண்ணி சொன்னாங்க.”

கோதண்டபாணி திரும்பிப் பார்த்தார். பாக்யலட்சுமி தலை நிமிராமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ‘இல்ல’ என்பது அவர் தொண்டையைத் தாண்டிப் பல்லில் வந்து முட்டி நின்றது. வெளியே விட்டால் வண்டி காயலான் கடைக்கு. அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. நல்லதையே சொல்லுவோம். ஆனால் புத்தியுள்ள எவனும் ஓடிப்போகிற மாதிரி சொல்லுவோம்.

“பெட்ரோல் செலவு ரொம்பக் கம்மி பாய். பாதி தூரம் தள்ளிக்கிட்டுத்தான் போவீங்க. உடம்புக்கும் நல்லது.”

“சரிண்ணே.”

“பிரேக் புடிக்கிற வேலையும் மிச்சம். அதுவே அங்கங்க நின்னுக்கும்.”

“சந்தோசம்ணே.”

“திருட்டு பயமும் கம்மி. கடைசியா ஒரு தடவ ஸ்டார்ட் பண்றதுக்கு எனக்கே ஆறு மாசம் புடிச்சிச்சி.”

அமீர் பாஷாவின் முகம் மலர்ந்தது. “இந்த மாதிரி ஓடாத வண்டியத்தாண்ணே தேடிக்கினு இருந்தேன். கடை வாசல்ல அலங்காரமா நிறுத்தப் போறேன். ஜனங்க நின்னு போட்டோ எடுப்பாங்க. ஓடற வண்டின்னா எவனாவது ஓட்டிக்கினு போய்டுவான், பேஜாரு.”

கோதண்டபாணி அவசரமாகக் குறுக்கிட்டார். “கொஞ்சம் யோசிச்சி...”

“யோசிக்கிறது ‘இல்ல’வோட தம்பிங்க” என்றது வெங்காயப் பக்கத்துக் குரல்.

“குடுக்கறீங்களாண்ணே?”

வண்டியைப் பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம், கண் தானாக ஓட்டை தேடியது. சீட் கிழிந்திருந்தது. மட்கார்டு துரு. பின் சீட்டில் அவள் பிடித்துக்கொள்ளும் கம்பி மட்டும் கை பட்டுப் பட்டுத் தேய்ந்து பளபளவென்றிருந்தது.

“எடுத்துக்கினு போங்க பாய்” என்றார்.

லோடு ஆட்டோ தெருமுனை திரும்பியது. வாசலில் ஓர் எண்ணெய்க் கறை மட்டும் மிச்சம். பாக்யலட்சுமி ஒரே ஒரு டம்ளர் டீயோடு வந்தாள். பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவரிடம் நீட்டினாள்.

“ஜெயிச்சது நீங்கதாங்க. நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன்.”

“இன்னா சொல்லு?”

“இனிமே அந்த வண்டிப் பேச்சே எடுக்க மாட்டேன்.”