கோரைப்பாய் ஓவர்சீயர் குடிமாறிய கதை

தன் வீட்டில் படுத்ததைவிடப் பிறத்தியார் வீட்டில் அதிகம் படுத்தவர் என்று புதுக்கோட்டையில் ஒருவரைச் சொல்ல முடியுமானால், அது எங்கள் கோரைப்பாய் ஓவர்சீயர்தான். தப்பாக நினைக்காதீர்கள். மனிதர் பரம யோக்கியர். படுத்ததெல்லாம் உத்தியோக நிமித்தம்.

நாங்கள் சர்க்கார் குமாஸ்தாக்கள். சமஸ்தான காலத்தில், சர்க்கார் கட்டிக் கொடுத்த ஓட்டு வீடுகளில் வரிசையாகக் குடியிருந்தோம். அவர் வருவதற்கு முன்னால் மராமத்து என்பது வெறும் சடங்கு. ஐப்பசியில் கூரை ஒழுகுகிறது என்று மனுப் போட்டால், சித்திரையில் வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். "எங்கிட்டுங்க ஒழுகுது? ஒரு சொட்டக் காணோமே!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சித்திரை வெயிலில் எந்தக் கூரை ஐயா ஒழுகும்? தப்பித்தவறி வேலை தொடங்கினால் அது இன்னும் மோசம். ஓட்டைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார். நாம் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான்.

புது ஓவர்சீயரோ மழை பெய்தால்தான் வெளியே கிளம்புவார். கக்கத்தில் ஒரு கோரைப்பாய். புகார் சொன்னவர் வீட்டில் ஒழுகும் இடமாகப் பார்த்து விரித்து, காலை நீட்டிப் படுப்பார். மூக்கில் ஒரு சொட்டு விழுந்ததும், "ஆமா, ஒழுகுது" என்பார். விசாரணை முடிந்தது.

அடுத்தது அதைவிட விபரீதம். வேலை முடிகிறவரை அந்த வீட்டுக்காரர்கள் ஓவர்சீயர் வீட்டில் இருக்க வேண்டும். ஓவர்சீயர் அந்த ஒழுகல் வீட்டுக்குக் குடிபோய்விடுவார். அவர் சம்சாரம் சட்டிபானையோடு பின்னாலேயே வருவார். "ஒரு கூண்டு வண்டிக்காரனுக்கு வாக்கப்பட்டிருந்தா, சட்டியாச்சும் வண்டியில வந்திருக்கும்!" என்று அவர் புலம்புவது தெருவுக்கே கேட்கும்.

கொத்தனார்கள் பாடு திண்டாட்டம். ஓவர்சீயரையே பிரித்த கூரைக்குக் கீழே விட்டுவிட்டு எங்கே ஓடுவது? "அங்கிட்டு ஒரு ஓடு வெலகியிருக்கு பாருப்பா" என்று படுத்த வாக்கிலேயே குரல் வரும். இந்த மனிதர் தொலைந்தால் போதும் என்று மளமளவென்று முடித்துவிட்டு இறங்குவார்கள்.

ஓர் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு உத்தரம் இற்றுச் சாய்ந்தது. என் மனைவி கமலத்துக்கு அப்போது நிறைமாதம். முதல் குழந்தை தங்கவில்லை. தாய்வீடு என்று போகவும் அவளுக்கு யாருமில்லை. ஓவர்சீயர் வந்தார். அன்று பாயை விரிக்கவே இல்லை.

"படுத்துப் பாக்கலைங்களா?" என்றேன்.

"புள்ளத்தாச்சி நனையிறப்ப எனக்கு என்னய்யா படுக்கை? மொதல்ல அவங்கள எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் சம்சாரமும் அன்று புலம்பவில்லை. "நீங்க மட்டும் அங்கிட்டுப் போங்க. நான் இந்தப் புள்ளைக்கித் தொணையா இருக்கேன்" என்று கணவரை அனுப்பிவிட்டார்.

அங்கேதான் எங்கள் மகள் பிறந்தாள். தாயும் சேயும் நலம். ஆனால் எங்கள் வீட்டு வேலை மட்டும் முடிகிற வழியாக இல்லை. கேட்கும்போதெல்லாம் ஓவர்சீயர், "இன்னும் முடியலைங்க" என்றார். ஊரார் வீட்டையெல்லாம் ஒரே மூச்சில் முடிக்கிறவருக்கு என் வீடு என்றால் மட்டும் இளக்காரமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டை போடவே என் வீட்டுக்குக் கிளம்பிப் போனேன்.

கூரை புத்தம் புதிதாக இருந்தது. கொத்தனார் யாரையும் காணோம். அறையில் சுற்றிலும் சட்டிகளில் கரிக்கங்கு கனன்றது. நடுவில் ஓவர்சீயர், புகையில் சிவந்த கண்ணும் வெற்று முதுகுமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வேலைதான் எப்பவோ முடிஞ்சிருச்சே!" என்று கத்தினேன்.

"ஓடு முடிஞ்சிருச்சுங்க. செவரு காயலையே. முதுகு வச்சுப் பாக்குறேன், இன்னும் சில்லுன்னுதான் இருக்கு. பச்சப் புள்ளைக்கி ஆகாதுங்க."

நானும் சட்டையைக் கழற்றிவிட்டு, அவர் பக்கத்தில் சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்தேன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அந்தக் குறை அன்றோடு தீர்ந்தது.