மாமனாரின் விரல் நுனி

ஒரே ஒரு ஸ்பூன்தான் வாயில் விட்டான் ரெனாங். முகம் கோணிக்கொண்டது. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"லெம்பா!" என்று மனைவியைக் கூப்பிட்டான். காவாய் அறுவடைத் திருநாள் வேலைக்காக அவள் ஒரு வாரம் முன்பே, ஊரே ஒரே கூரையின் கீழ் வாழும் தன் அப்பாவின் நீள்வீட்டுக்குப் போய்விட்டது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கூச்சிங் நகரத்து வீட்டில் இப்போது அவனும் நான்கு ஜாடி டுவாக் என்கிற அரிசி மதுவும்தான். அதுவும் புளித்துப்போன டுவாக்.

ரெனாங் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவன். அது பிழைப்பு. உயிர் இருப்பது இரண்டு விஷயத்தில். ஒன்று, விண்வெளிப் படங்கள். இன்னொன்று, அரிசியில் டுவாக் ஊறவைப்பது. இரண்டையும் அவன் பிரித்து வைக்கவில்லை. ஜாடிகளுக்குப் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன் என்று பெயர். பாட்டில்களில் ராக்கெட் படம் ஒட்டியிருப்பான். தினமும் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்ததும் ஜாடியின் முன் நின்று பத்திலிருந்து பூஜ்யம் வரை எண்ணி, மூடியைத் திறந்து, டார்ச் அடித்து உள்ளே பார்ப்பான். ஒவ்வொரு ஜாடிக்கும் கால் மணி நேரம். டுவாக்குக்குக் காற்று ஆகாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பார்க்காமல் இருந்திருப்பானா என்பது சந்தேகம்.

மூன்றாம் நாள் ஒரு சொட்டு நக்கிப் பார்ப்பான். தேனாக இருக்கும். அதற்குப் பிறகு தொடமாட்டான், கால் கட்டைவிரல் வீங்கிக்கொள்ளும் என்று டாக்டர் தடை போட்டிருந்தார். ஆகவே தன் டுவாக் கடைசியில் எப்படி ஆகிறது என்பது பதினெட்டு வருஷமாக அவனுக்கே தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் சொன்னதில்லை. அவர்கள் தொட்டுக்கொள்வதோடு சரி.

கொடுத்ததை வேண்டாம் என்று தள்ளினால் வழியில் பாம்போ முதலையோ பதம் பார்த்துவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் உள்ள பயம். அதனால் குடிக்க மனமில்லாதவர்கள் டம்ளர் விளிம்பை விரல் நுனியால் தொட்டு உதட்டில் வைத்துக்கொள்வார்கள். ரெனாங் வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் வண்டி ஓட்ட வேண்டியிருந்தது, சர்க்கரை இருந்தது, மாத்திரை இருந்தது. எல்லோரும் தொட்டார்கள்.

மற்றவர்கள் தொட்டதில் அவனுக்கு வருத்தமில்லை. மாமனார் சிபாட் தொட்டதுதான் உறுத்தியது. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து ஒவ்வொரு காவாய்க்கும் இரண்டு பாட்டில் கொண்டுபோகிறான். கிழவர் டம்ளரைத் தொடுவார், உதட்டில் வைப்பார், "பாட்டிலை அடுக்களைக்கு அனுப்பு" என்பார். அவ்வளவுதான். அடுக்களைக்குள் போன பாட்டில் என்ன ஆகிறதோ, தெரியாது. அந்த அடுக்களையைக் கவனிக்கும் சுலாவ் அத்தை கையால் ஒரு தட்டு உமாய் தின்றுதான் அந்த வருத்தத்தை ஆற்றிக்கொள்வான். பச்சை மீனை மெல்லிசாக அரிந்து, வெங்காயமும் மிளகாயும் போட்டுப் புளிப்பில் ஊறவைப்பாள். மூன்று ஆற்றங்கரைக்கும் பேர்போன உமாய் அது. இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கித் தின்பான்.

அப்படிப்பட்ட மாமனார் போன வாரம் தானே போன் செய்தார்.

"ஆத்து மேல்பக்கத்து ஊர்க்காரங்க நாப்பது பேர் விருந்துக்கு வர்றாங்க. வழக்கமா ரெண்டு பாட்டில் குடுப்பியே, அதுல இந்தத் தடவை பத்து கொண்டா."

"பத்தா மாமா?"

"குறையக்கூடாது. நம்ம வீட்டு மானம் அதுலதான் இருக்கு."

ரெனாங் அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் பலகாரம் வாங்கிக் கொடுத்தான். மானப் பிரச்சினை என்பதால்தான் இன்று டாக்டரை மீறி ஒரு ஸ்பூன் ருசி பார்த்தான். பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறார், அதுவும் இந்த வருஷமா கெட்டுப்போக வேண்டும்?

லெம்பாவுக்குப் போன் போட்டான். நீள்வீட்டில் கோழிக்கூண்டுப் பக்கம் போனால்தான் சிக்னல் கிடைக்கும். கோழிகளுக்கு நடுவில் அவள் குரல் வந்தது.

"டுவாக்ல சின்னதா ஒரு சிக்கல்" என்றான்.

"சிக்கலா? இங்க பாருங்க, நீங்க எதுவும் செய்யாதீங்க. சும்மா இருங்க. இருக்கிறத இருக்கிறபடியே கொண்டாங்க, போதும்."

என் மனசு நோகக்கூடாது என்று சொல்கிறாள், தங்கமான பெண் என்று உருகிப்போனான். உருகிவிட்டு, உடனே ஏதாவது செய்யக் கிளம்பினான்.

முதலில் புதனில் இரண்டு கிலோ சர்க்கரை கொட்டி இறுக மூடினான். மறுநாள் மத்தியானம் அது நுரைத்துப் பொங்கி, மூடி கூரையில் மோதி, மின்விசிறியின் ஒரு இறக்கையையும் கூட்டிக்கொண்டு கீழே வந்தது. படங்களில் ராக்கெட் கிளம்பும்போது கைதட்டுகிறவன், இதற்கு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

குளிரில் வைத்தால் அடங்கும் என்று வெள்ளியைப் பாட்டில்களில் ஊற்றி உறைபெட்டியில் அடுக்கினான். பாட்டில்கள் வெடித்தன. உள்ளே இருந்த மீனெல்லாம் அதில் ஊறிவிட்டது. வேறு கறி இல்லாததால் அதையே மிளகாய் கிள்ளிப் போட்டுச் சோற்றோடு சாப்பிட்டான். அமிர்தமாக இருந்தது. ஆனால் துக்கத்தில் இருக்கிற மனிதனுக்கு ருசி எங்கே தெரியப்போகிறது?

செவ்வாயை அடுப்பில் ஏற்றினான். கொதித்தால் புளிப்பு ஆவியாகப் போய்விடுமாம். போயிற்று, தெரு முழுக்கப் போயிற்று. மூன்று வீட்டில் குழந்தைகள் இருமின. பக்கத்து வீட்டு தெரேசியா அக்கா ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்ன ரெனாங், பூனையையா வேகவெக்கிற?"

அவன் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னான். அவள் வியாழனில் விரலை விட்டு நக்கினாள். உடனே குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தாள்.

"இதையா மாமனாருக்குக் குடுக்கப்போறே?"

"அதான்க்கா தெரியலை. தூக்கம் போச்சு."

அவள் தன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கைவண்டியில் பத்து பாட்டில்கள் இருந்தன. அவளுடைய பிடாயூ இனத்து ஜனங்களிடம் அவள் கை டுவாக்குக்குத் தனி மரியாதை உண்டு.

"இது உங்க வீட்டு விருந்துக்கு வெச்சது. நீங்க என்ன செய்வீங்க?" என்றான் ரெனாங்.

"நாங்க டீ குடிச்சுக்கிறோம். போன மழையில எங்க கூரை பறந்தப்போ நனைஞ்சுக்கிட்டே ஏறித் தார்ப்பாய் கட்டினது யாரு? வாயை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போ."

ரெனாங்குக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பக்கத்து வீடு கிடைக்க என்ன கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தான். நன்றி சொல்லிக்கொண்டே வியாழனைத் தூக்கிச் சாக்கடைப் பக்கம் போனான்.

"அங்க ஊத்தாதே! என் வாத்து அந்தத் தண்ணியிலதான் இறங்கும். கொண்டுபோய் ஆத்துல கொட்டு."

வியாழன்தான் பெரிய ஜாடி. அது ஒரு நீல நிறக் கேன் நிறைய வந்தது. அதை வண்டியின் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு கிளம்பினான். வழியெல்லாம் ஆறு வந்தது. ஆனால் ஒவ்வொரு துறையிலும் யாராவது குளித்துக்கொண்டிருந்தார்கள், அல்லது தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலையில் இதை ஊற்ற அவனுக்கு மனம் வரவில்லை. கேனோடே நீள்வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

கூடத்தில் பாய்கள் விரித்து விருந்தாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுலாவ் அத்தை வந்து பாட்டில்களை வாரிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். இரண்டை மட்டும் ரெனாங் பிடித்து வைத்துக்கொண்டான். சிறிது நேரத்தில் அத்தை திரும்பி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"மாப்பிள்ளை, வேற பாட்டில் எதுவும் இல்லையா?"

"பத்துதான் அத்தை. போதாதா?"

அவள் அடுக்களைக்கே திரும்பி ஓடினாள். அடுக்களையில் பெண்கள் கூடிக் குசுகுசுவென்று பேசுவது கேட்டது. லெம்பா கதவோரம் வந்து, "நான் என்ன சொன்னேன், நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கண்ணாலேயே கேட்டாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

டம்ளரை மாமனாரிடம் நீட்டினான். விரல் வழக்கம்போல் விளிம்பை நோக்கி வந்தது.

"மாமா, இந்தத் தடவை ஒரே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

சிபாட் அவன் முகத்தைப் பார்த்தார். பாவமாக இருந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிக்கிறவர் மாதிரி ஒரு வாய் குடித்தார். கண் திறந்தது. இன்னொரு வாய். டம்ளர் காலியாயிற்று.

"இன்னும் ஊத்து" என்றார்.

அடுக்களைக்குப் போன பாட்டில்களும் திரும்பி வர, மேல் ஆற்றுக்காரர்களும் குடித்தார்கள். ஒருவர்கூடத் தொட்டு உதட்டில் வைக்கவில்லை. கிழவர் மருமகன் தோளில் கைபோட்டார்.

"பதினெட்டு வருஷம்டா! நல்லா வராதுன்னு தெரிஞ்சும் யாருடா இப்படி விடாம செய்வான்? நீ என் மகன்டா."

அந்த வார்த்தைக்காகத்தான் அவன் இத்தனை வருஷம் காத்திருந்தான். கிடைத்ததும் தாங்க முடியவில்லை. அடுத்த வீட்டுக்காரியின் உழைப்புக்குத் தான் புகழ் வாங்குவது நெஞ்சைக் குத்தியது.

"மாமா, இது என்னோடது இல்ல. தெரேசியா அக்கா குடுத்தது. அவங்களுக்குத்தான் நீங்க நன்றி சொல்லணும்."

சிபாட் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ உன்னோடது எங்க?"

"புளிச்சுப்போச்சு மாமா. வாயில வெக்க முடியலை. ஒரு கேன் மிச்சம் இருக்கு. ஆத்துல ஊத்திடலாம்னு வண்டில வெச்சிருக்கேன். என்னை மன்னிச்சிடுங்க."

அடுக்களைக் கதவு படாரென்று திறந்தது. சுலாவ் அத்தை அரிவாள்மணையோடு ஓடிவந்து, வண்டி நின்ற பக்கம் பார்த்து, நெஞ்சில் கைவைத்து அப்படியே பாயில் உட்கார்ந்தாள்.

"கடவுளே, உனக்குக் கோடி நன்றி! மாப்பிள்ளை எங்க நல்ல டுவாக் செய்யக் கத்துக்கிட்டாரோன்னு வயித்துல புளியக் கரைச்சிருச்சு. அத்தனை மீனையும் அரிஞ்சு வெச்சுக்கிட்டு நிக்கிறேன், பதினெட்டு வருஷமா நம்ம உமாய்ல புளிப்புக்கு ஊத்துறதே இவர் சரக்குதானே!"