கோட் வரும்வரை தாலி காத்திருந்தது

ஒரு மனிதனிடம் சம்பளத்தைக் கேட்டால் சொல்லிவிடுவான். வயதைக் கேட்டால் ஒன்றிரண்டு குறைத்தாவது சொல்லுவான். மின்னஞ்சல் முகவரியைக் கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் அவனுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் கதாசிரியன் விழித்துக்கொள்வான். இந்த உண்மையைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை, என் சொந்தத் தங்கச்சியின் கல்யாணம்.

பத்துப் பன்னிரண்டு வருடங்கள் இருக்கும். அப்போது எனக்கு முப்பது வயது. ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் பஸ் பிடித்து, இரண்டு ஊரையும் இணைக்கும் பாலத்தின் நெரிசலில் உட்கார்ந்திருப்பேன். மற்றவர்கள் அந்த நேரத்தில் தூங்கினார்கள். நான் மின்மடல் எழுதினேன். பெயர், ‘பாலம் தாண்டி’. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மடல். மெர்சிங் படகுத்துறையில் ஆயுசெல்லாம் டிக்கெட் கிழித்தவர், யோங் பெங் தோட்டத்தில் கடைசியாகக் கோயில் மணி அடித்தவர் என்று எங்கள் ஊர் மனிதர்களைப் பற்றி எழுதுவேன். எழுத்து அப்படியொன்றும் மோசமில்லை (என்று இன்றும் நம்புகிறேன்). வாசகர்கள்தான் இல்லை. மொத்தம் நான்கு பேர். ஒருவர் நான். இரண்டாமவர் என்னுடைய இன்னொரு முகவரி. மூன்றாமவர் அலுவலக நண்பர் லிம், அவருக்குத் தமிழ் தெரியாது. நான்காவது, தங்கச்சி தேவி.

வாசகர் பிடிக்கத் தீபாவளிச் சந்தையில் ஒரு மேசை போட்டேன். பேரும் மின்னஞ்சலும் எழுதினால் ஒரு பேனா இலவசம். ஒரே மாலையில் நோட்டுப் புத்தகம் நிறைந்துவிட்டது. ஏதோ பெரிய பத்திரிகை ஆசிரியனைப் போல நிமிர்ந்து வீட்டுக்கு நடந்தேன். மறுநாள் முதல் மடலை அனுப்பினேன். அனுப்பி முடிப்பதற்குள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தது. அப்படியொரு முகவரியே கிடையாதாம்.

நோட்டை எடுத்து நிதானமாகப் படித்தேன். ஒருவர் ‘தக் அடா’ என்று எழுதியிருந்தார். மலாயில் ‘இல்லை’ என்று அர்த்தம். ஒருவர் தன் கார் எண்ணை எழுதி நடுவில் மின்னஞ்சலுக்குரிய அந்த ‘@’ சுழியைப் போட்டிருந்தார். ‘சொல்லமாட்டேன்’ என்பது இன்னொருவரின் முகவரி. நேர்மையான ஆத்மா ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவர் பொந்தியானில் இருக்கும் தன் வீட்டு முகவரியை, அஞ்சல் குறியீட்டு எண் உட்பட, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

லிம்மிடம் போய்ப் புலம்பினேன். அவர் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டே சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: “நீ சும்மா எழுதச் சொன்னா யாரு உண்மைய எழுதுவான் லா? அங்கயே ஒரு மெயில் அனுப்பு. அவன் அதத் தொறந்து உள்ள இருக்குற லிங்க அமுக்கட்டும். அமுக்கினாத்தான் கணக்கு.”

இந்த அறிவுரையோடு நிறுத்தியிருக்கலாம். நான் சுற்றும்முற்றும் பார்த்து, எழுநூறு பேர் ஒரே இடத்தில் கூடுகிற நிகழ்ச்சி எது என்று தேடினேன். இரண்டு மாதத்தில் தேவிக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளை செந்தில், பொந்தியான்காரர். கல்யாணம் எங்கள் ஊரான யோங் பெங்கில், கோயில் மண்டபத்தில். பெண்ணின் அண்ணன் என்ற முறையில் எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தார்கள். வாசலில் நின்று மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, சம்பந்தி வீட்டாரை உள்ளே அழைத்துவர வேண்டும். நடக்கத் தெரிந்தால் போதும்.

நான் வாசலில் சந்தனம், பன்னீர்த் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு டேப்லெட்டோடு மேசையைப் போட்டேன். ‘கல்யாணப் படங்கள் மின்னஞ்சலில் வேண்டுமா?’ என்று பலகை. முகவரியைக் கொடுக்க வேண்டும், உடனே மடல் வரும், அதைத் தன் போனில் திறந்து அமுக்க வேண்டும். அமுக்கியவருக்குச் சட்டையில் ஒரு பச்சை ஸ்டிக்கர், ‘பாலம் தாண்டி’க்கு ஒரு வாசகர்.

முதல் அரை மணி நேரம் யாரும் சீண்டவில்லை. பிறகு பச்சை ஸ்டிக்கரோடு நாலைந்து பேர் உள்ளே நடமாட ஆரம்பித்ததும் கூட்டத்தில் ஒரு செய்தி பரவியது. ஒரு மாமா என்னிடமே வந்து கேட்டார்.

“தம்பி, ஸ்டிக்கர் இல்லன்னா பந்தியில உக்கார விடமாட்டாங்களாமே, மெய்தானா?”

இந்த இடத்தில்தான் நான் பாவமன்னிப்புக் கேட்க வேண்டும். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. “வரிசையில நில்லுங்க மாமா” என்று மட்டும் சொன்னேன்.

அதன்பின் வரிசை வாசலைத் தாண்டி, கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி, சாலைவரை போய்விட்டது. சுற்றிலும் செம்பனைத் தோட்டம், போனுக்கு அலைவரிசை சரியாகக் கிடைக்காது. பட்டுச்சேலைகளும் ஜிப்பாக்களும் வெயிலில் நின்று, ஆளாளுக்குப் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, செம்பனை மரங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஏதோ புது மாதிரிச் சூரிய நமஸ்காரம் என்று தோன்றியிருக்கும். எனக்கோ ஆனந்தம். அமுக்கியவர்கள் நாற்பது, ஐம்பது என்று ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அசல் முகவரி!

வாசல் அடைபட்டுக் கிடந்ததால் மாப்பிள்ளை ஊர்வலத்தைப் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே விட்டிருக்கிறார்கள். மேளச் சத்தம் கேட்டது. ஒத்திகை என்று நினைத்தேன். என்னைத் தேடிக் காணாமல், அப்பாவின் நண்பர் மணியம் மாமாவை இழுத்து நிறுத்தி மாலை போடவைத்தார்களாம். கல்யாண ஆல்பத்தில் மைத்துனன் இருக்க வேண்டிய இடத்தில் அறுபத்தைந்து வயது லோரி டிரைவர் ஒருவர் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டிருப்பார்.

அப்போது என் மேசைக்கு ஓர் அம்மாள் வந்தார். அரக்குநிறப் பட்டு, நெற்றி நிறைய குங்குமம், மார்போடு அணைத்துப் பிடித்த கைப்பை. மாப்பிள்ளையின் அம்மா, சுசிலா அத்தை. ஊர்வலத்தோடு வராமல் பின்னால் காரில் வந்தவர், வரிசையைப் பார்த்ததும் மரியாதையாகக் கடைசியில் போய் நின்றிருக்கிறார். முக்கால் மணி நேரம்!

“ஐயோ அத்தை, நீங்க ஏன் வரிசையில நின்னீங்க?”

“எங்க பக்கம் இந்தப் பழக்கம் இல்ல தம்பி. உங்க பக்கம் உண்டு போலன்னு நெனச்சேன்.”

அந்த நொடியில் அவரைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. நான் கேட்டேன், “அத்தை, உங்க இமெயில் என்ன?”

“அதெல்லாம் எனக்கு ஏது தம்பி?”

“பரவால்ல அத்தை. ரெண்டே நிமிஷம். நானே உங்களுக்குப் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுத் தர்றேன்.”

அவருடைய போனை வாங்கினேன். புதுக் கணக்கு தொடங்கினால் போனுக்கு ஒரு குறியீட்டு எண், அதாவது கோட், வரும். அதை அடிக்க வேண்டும். கோட் வருவதற்குள் அழைப்பு வந்தது. திரையில் ‘மகன்’ என்று இருந்தது. அழைப்பு வந்தால் நான் நிரப்பிக்கொண்டிருந்த பக்கம் மறைந்துபோகிறது. துண்டித்தேன். மறுபடியும் மகன். மறுபடியும் துண்டித்தேன். மூன்றாம் முறை எரிச்சலாகவே துண்டித்தேன். (மகன் மேடையில், மணவறையில், ஹோமப் புகைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.)

ஒலிபெருக்கியில் அப்பாவின் குரல் கேட்டது. மைக்கைப் பிடித்தால் அப்பா செந்தமிழுக்கு மாறிவிடுவார். “சம்பந்தியம்மா திருமதி சுசிலா அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக மணமேடைக்கு வரும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.”

அத்தை மெதுவாகச் சொன்னார், “தம்பி, என்னத்தான் கூப்புடுறாங்க போல. தாலி எங்கிட்டதான் இருக்கு.”

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? எழுதவே கை கூசுகிறது.

“ஒரு நிமிஷம் அத்தை. கோட் வந்துரும்.”

அவரும் நின்றார்! கைப்பையில் மகனின் கல்யாணத் தாலியை வைத்துக்கொண்டு, முன்பின் பழக்கமில்லாத வீட்டுப் பிள்ளை சொல்கிறானே என்று நின்றார். ஒலிபெருக்கி மறுபடியும் அழைத்தது. இந்த முறை ‘அன்போடு’ இல்லை. மூன்றாவது முறை செந்தமிழும் இல்லை. “யாராச்சும் அந்தம்மாவைப் பாத்தீங்களா, சொல்லுங்கையா!”

கோட் வந்தது. அவசரமாக அடித்தேன். பெயரைக் கேட்டது, முகவரியைக் கேட்டது, எல்லாவற்றையும் அடித்தேன். மடல் வந்தது, அத்தையின் விரலைப் பிடித்து நானே அமுக்கினேன். அவருடைய பட்டு முந்தானையில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருக்கும்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்து சேர்ந்தார். தோளில் துண்டு இல்லை, மூச்சு வாங்கியது.

“டேய்! அங்க ஐயரு கத்துறாரு, முகூர்த்தம் முடியப்போவுது, தாலியக் காணோம்னு மாப்பிள்ள அழுவாத கொறையா உக்காந்திருக்காரு. நீ இங்க சம்பந்தியம்மாவப் பிடிச்சு வச்சுக்கிட்டு போன் ரிப்பேரா பண்ணிக்கிட்டிருக்க?”

“இல்லப்பா, சப்ஸ்கிரைபர்…”

அப்பாவுக்கு அந்தச் சொல் தெரியாது. நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதாக நினைத்து, அத்தனை பேர் முன்னால் கையை ஓங்கிவிட்டார். அத்தைதான் நடுவில் வந்தார். “விடுங்க சம்பந்தி, புள்ள எனக்குத்தான் ஒத்தாச பண்ணுச்சு” என்றார். பிறகு சேலைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார் பாருங்கள், பொந்தியானிலிருந்து வந்தவர் எல்லாரும் பின்னால் ஓடினார்கள். முகூர்த்தம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை போடக்கூட நான் மேடைப் பக்கம் போகவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தேவி மூன்று முடிச்சு விழும்வரை தலையைக் குனிந்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, சரியாக அந்தத் தூணைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள்.

மூன்று மாதம் என்னோடு அவள் பேசவில்லை. ‘பாலம் தாண்டி’யிலிருந்து விலகியும்விட்டாள். அன்று அமுக்கியவர்களும் அப்படித்தான். சாப்பாட்டுக்கும் ஸ்டிக்கருக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்ததும் ஒரே வாரத்தில் ஆளாளுக்கு விலகிக்கொண்டார்கள். கடைசியில் அவர்களில் ஒரே ஒரு வாசகர் மிஞ்சினார். சுசிலா அத்தை. எப்படி விலகுவது என்று அவருக்குத் தெரியவில்லை என்று பிற்பாடு சொன்னார். ஆனால் விலகத் தெரியாத அந்த அம்மாள் ஒவ்வொரு மடலையும் படித்தார், பதிலும் போட்டார். “வந்துச்சு தம்பி. அந்தப் படகுக்காரரு இப்ப நல்லா இருக்காரா?” இந்தப் பதில்களுக்காகவே நான் எழுதுவதை நிறுத்தவில்லை. இன்று சில நூறு பேர் படிக்கிறார்கள். யாரையும் நான் வரிசையில் நிறுத்தவில்லை.

அப்பா காலமாகி நான்கு வருடமாகிறது. அந்தக் கல்யாண வீடியோவை இன்றும் நாங்கள் போட்டுப் பார்ப்பது ஒலிபெருக்கியில் வரும் அந்தக் குரலுக்காகத்தான். அன்போடு கேட்டுக்கொள்கிறோம் என்பதில் தொடங்கி, சொல்லுங்கையா என்பதில் முடியும் அந்த மூன்று அழைப்புகளையும் தேவி வாய் அசைத்துக்கொண்டே கேட்பாள். சிரிக்கத்தான் ஆரம்பிப்போம்.

அத்தையின் முகவரி விஷயம் மட்டும் பாக்கி. ஆங்கில விசைப்பலகையில் ‘ஐ’யும் ‘யூ’வும் பக்கத்துப் பக்கத்து வீடு. அன்றைய அவசரத்தில் என் விரல் வீடு மாறிவிட்டது. சுசிலா, ‘சுசுலா’ ஆகிவிட்டார். மலாயில் ‘சுசு’ என்றால் பால். கூடவே, எங்கள் ஊரில் பேச்சுக்குப் பேச்சு கடைசியில் ஒட்டிக்கொள்ளும் அந்த ‘லா’. “பால்தான், வேறென்ன” என்று சொல்வதுபோல ஒரு மின்னஞ்சல் முகவரி. அதைத்தான் வங்கியில் கொடுத்திருக்கிறார், கிளினிக்கில் கொடுத்திருக்கிறார். முகப்பில் உட்கார்ந்திருக்கும் மலாய்ப் பெண்கள் இரண்டு முறை படித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்களாம். வேறொன்று ஆரம்பித்துத் தருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். “வேணாம் தம்பி, எம்மவன் கல்யாணத்தன்னிக்கு வச்ச பேரு” என்கிறார்.

அதனால் எங்கள் இரண்டு குடும்பத்திலும் பாலுக்குப் பால் என்று பெயரில்லை, ‘அத்தை’ என்றுதான் பெயர். குளிர்பெட்டியைத் திறந்து, “அத்தை தீந்துபோச்சு, வாங்கணும்” என்பாள் தேவி. போன வாரம் பொந்தியானுக்குப் போயிருந்தேன். சுசிலா அத்தை என் கோப்பையில் தேநீரை ஊற்றி, பால் குவளையை அதன்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்:

“தம்பி, நான் போதுமா, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?”